உறங்கும் சிறுமி, கரிக்கோட்டுச் சித்திரம், 1949

கிளீவ்லாண்ட்
6 அக்டோபர் 1958

அன்புள்ள வெர்னாவுக்கு,

நான் நலம். உன் நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆவல்தான். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, உன் பிறந்தநாளுக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுகிறவன் நடுவில் எதற்கு எழுதுகிறான் என்று உறையைப் பார்த்ததுமே யோசித்திருப்பாய். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இடது பக்கம் கடைவாய்ப் பல் இரண்டு போயிற்று, அவ்வளவுதான். கீழ்வீட்டு ஸெலென்கா அம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் உருளைக்கிழங்கு உருண்டை வேகவைத்துக் கொடுத்தனுப்புகிறாள். பல் போனவனுக்கு அதைவிடத் தோதான சாப்பாடு ஏது?

விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வருஷத்துக்கு முன் அருங்காட்சியகத்தார் என்னிடமிருந்து வாங்கிய சித்திரம் உனக்கு நினைவிருக்கும். நம் மகள் நெல்லை வைத்துப் போட்டது. இத்தனை நாளும் அதைப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தார்கள். கரியில் போட்ட தாள் வெளிச்சத்தில் கெட்டுவிடும், அதனால் அப்படித்தான் வைப்பார்கள். இப்போது சித்திரப் பிரிவுக்கு மிஸ் ப்ருயிட் என்று ஒரு சின்னப் பெண் பொறுப்பாளராக வந்திருக்கிறாள். பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்திருக்கிறாள். நெல்லைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். நவம்பர் பதினைந்தில் தொடங்கும் காட்சிக்கு அதுதான் முதல் படம். கையேட்டின் அட்டையிலும் அதுதான். என்னைக் கூப்பிட்டு, "அமெரிக்காவுல ஒரு குழந்தை தூங்குறதை இவ்ளோ அழகா யாரும் போட்டதில்ல சார்"னு சொல்கிறாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது வெர்னா. என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை.

நீ வர வேண்டும். நாம் சேர்ந்து வாழ்வதைப் பற்றி நான் பேசவில்லை, அந்த ஆசையெல்லாம் எனக்கு ஓய்ந்துவிட்டது. தொடக்க நாளில் மட்டும் வந்து என் பக்கத்தில் நில். குழந்தை போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் பெயரைச் சொல்லிப் பேச இந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை.

என்றும் உன்,
எமில்


டலூத்
14 அக்டோபர் 1958

எமிலுக்கு,

கடிதம் வந்தது. இங்கே இப்போதே குளிர் வந்துவிட்டது. ஏரிக்காற்று வாசல் கதவைப் பிய்க்கிறது. அக்காவுக்கு முட்டிவலி, எனக்குக் கைவிரல்வலி. மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில்தான் இன்னும் வேலை. சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோவது, விரிப்பு மாற்றுவது. காலையில் ஆறு மணிக்குப் போனால் மூன்றுக்குத் திரும்புவேன். பதினோரு வருஷம் உன் ஓவியப் பள்ளியில் மாடலாக மேடையில் அசையாமல் நின்றதற்கு இப்போது ஓடித் தீர்க்கிறேன்.

உன் பல்லுக்கு வருந்துகிறேன். புகழுக்கு வாழ்த்து. கிண்டல் இல்லை, உண்மையாகவே. உன் கைக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை, அது உனக்கு மறந்துபோயிற்று. அடக்கம் முடிந்து வந்தபோது அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாய். நானும் கேட்கவில்லை. குழந்தை செத்துக்கொண்டிருந்த நாளில் அவளைப் படம் போட்டவன் நீ. தெரியாமல் போட்டாய் என்று சொன்னாய், நம்பினேன். நம்பினாலும் உன்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அதனால்தான் கிளம்பி வந்தேன்.

நான் வரமாட்டேன். கையேட்டை வேண்டுமானால் அனுப்பு. பார்ப்பேனா என்று தெரியாது.

வெர்னா


கிளீவ்லாண்ட்
19 அக்டோபர் 1958

அன்புள்ள வெர்னா,

கையேட்டை இதோடு வைத்திருக்கிறேன். அச்சில் கறுப்பு கொஞ்சம் தடித்துவிட்டது. மூலத்தில் தோளருகே இருக்கும் சாம்பல் நிறம் இதில் வரவில்லை. மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. மிஸ் ப்ருயிட் பழைய அட்டைச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டாள். தாளை ஓரம்வரை முழுசாகக் காட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. அவளோடு யார் வாதாடுவது?

ஒருமுறை சொன்னதுதான், மறுபடியும் சொல்கிறேன். அன்று சனிக்கிழமை. நீ பள்ளிக்குப் போயிருந்தாய். மதியம் கஞ்சி குடித்துவிட்டு நெல் சோபாவில் தூங்கிப்போனாள். ஜன்னல் வெளிச்சம் அவள்மேல் விழுந்திருந்தது. பத்து நிமிடத்தில் போட்டு முடித்தேன். வலி என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. நாலு மணிக்கு நீ வந்தபோதுகூட உன்னிடம் சிரித்தாளே. ராத்திரிதான் காய்ச்சல் வந்தது. மறுநாள் மருத்துவமனை, செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்தது. அந்தப் பத்து நிமிடம்தான் அவள் எனக்குக் கொடுத்த கடைசி சுகம். அதையாவது என்னிடம் விட்டுவை.

பாரேன் வெர்னா. எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறாள், பார்.

உன்,
எமில்


டலூத்
2 நவம்பர் 1958

எமிலுக்கு,

கையேடு ஒரு வாரம் என் கைப்பையிலேயே இருந்தது. வியாழக்கிழமை வார்டுச் சமையலறையில் எதையோ தேடிப் பையைக் கொட்டினேன், அது மேசையில் விழுந்தது. எதிரே எங்கள் தலைமை நர்ஸ் ஆக்னஸ் டாலஃப்சன் காபி குடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறவள். அட்டையை ஒரு பார்வை பார்த்தாள்.

"யார் வீட்டுக் குழந்தை இது? வயித்துக்குள்ள வெடிக்கப்போற நேரத்துல உக்காந்து படம் போட்டிருக்கானே, யார் அந்தப் படுபாவி?"

"தூங்குறா"ன்னு சொன்னேன்.

"தூங்குறாளா? நீ தினமும் இந்த வார்டுலதானே நடக்கிற? வலது முழங்காலைப் பாரு, நெஞ்சு வரைக்கும் இழுத்து வெச்சிருக்கா. கால்விரலைப் பாரு, அத்தனையும் மடங்கியிருக்கு. தூங்குற பிள்ளைக்கு விரல் மடங்குமாடி? அப்பெண்டிக்ஸ் வந்த பிள்ளைங்க இப்படித்தான் படுக்கும். அசைஞ்சா உயிர் போகும், அதனால அசையாது. கண்ணை மூடியிருக்கான்னா தூங்குறான்னு அர்த்தமா?"

குழந்தை யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கையேட்டை எடுத்துக்கொண்டு விரிப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதல்முறையாக உன் படத்தைப் பார்த்தேன். உன் கை பொய் சொல்லாது எமில், அது எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அது எழுதிவைத்திருக்கிறது. விரல், முழங்கால், சோபாத் துணியைப் பிடித்திருக்கும் இடதுகை. புரிந்துகொள்ள வேண்டியவன் நீதான், உனக்குத்தான் புரியவில்லை.

இதுவரைகூட நான் உன்னை மன்னித்திருப்பேன். நீ டாக்டர் இல்லை. பத்து நிமிடம், தெரியாமல் போட்டாய், சரி.

பிறகு தாளின் அடி ஓரத்தைப் பார்த்தேன். ஆறு கோடு.

பள்ளியில் நீங்கள் எல்லோரும் அப்படித்தான் போடுவீர்கள். நான் இருபது நிமிடம் நிற்பேன், மணி அடிக்கும், ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி இருபது. ஒவ்வொரு இருபது முடிந்ததும் தாளின் அடியில் சின்னதாக ஒரு கோடு. ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று பிற்பாடு தெரிய வேண்டும் உங்களுக்கு. அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பழைய சட்டம் இவ்வளவு நாளும் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

ஆறு இருபது இரண்டு மணி நேரம். நடுவில் ஓய்வு வேறு.

தூங்குகிற குழந்தைக்கு யாராவது மணி வைப்பார்களா எமில்?

வெர்னா


கிளீவ்லாண்ட்
8 நவம்பர் 1958

வெர்னா,

மருத்துவமனையில் தட்டு தூக்கினால் டாக்டராகிவிட முடியாது. அந்த நர்ஸம்மாளும் கரிக்கோட்டைப் பார்த்து வைத்தியம் சொல்கிற அளவுக்குப் பெரிய மேதையா? இந்தப் படத்தை அருங்காட்சியகத்தில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றாதது அவளுக்குக் காபி குடிக்கும்போது தோன்றிவிட்டது.

அந்தக் கோடுகள் வேறொரு படத்தினுடையவை. ஏற்கெனவே பயன்படுத்திய தாளில் நெல்லைப் போட்டேன். பாதி அழித்த தாள்கள் எத்தனை என் அறையில் கிடந்தன, உனக்குத் தெரியாதா?

அடுத்த சனிக்கிழமை காட்சி தொடங்குகிறது. ஆயுளில் ஒருமுறை எனக்கு ஒரு நல்லது நடக்கிறது. அதைப் பொறுக்காமல் நீ இவ்வளவு தூரத்திலிருந்து கல்லெறிகிறாய்.

எமில்


டலூத்
13 நவம்பர் 1958

எமிலுக்கு,

கோடுகளுக்குப் பக்கத்தில் அதே கரியில், உன் கையெழுத்தில் தேதி இருக்கிறது. பிப்ரவரி 12. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன்.

உன்னோடு சண்டை போட இதை எழுதவில்லை. எனக்குச் சண்டை போடத் தெம்பும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அவள் விழித்திருந்தாளா? வலிக்கிறது என்று உன்னிடம் சொன்னாளா?

இதற்குப் பதில் எழுது. மற்ற எதுவும் எழுதாதே. பல்லைப் பற்றி எழுதாதே.

வெர்னா


கிளீவ்லாண்ட்
30 நவம்பர் 1958

அன்புள்ள வெர்னா,

விழித்திருந்தாள்.

எழுதிவிட்டேன். இரண்டு வாரமாக இந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஒன்றரை மணி இருக்கும். சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். அந்த வெளிச்சத்தில் அவளைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஒன்றும் உருப்படியாகப் போடவில்லை, நீ அறிவாய். "செல்லம், அப்படியே இரு, அசையாதே"ன்னு சொன்னேன். சமையலறை அலாரக் கடிகாரத்தை இருபது நிமிடத்துக்குத் திருகிவைத்தேன். கண்ணை மூடிக்கச் சொன்னதும் நான்தான்.

முதல் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ரொம்ப மெதுவாக, "அப்பா, வயிறு வலிக்குது"ன்னு சொன்னாள். நான் தோள்பட்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், "மணி அடிக்கட்டும் கண்ணு, அப்புறம் பாக்கலாம்"னு சொன்னேன். மணி அடித்தது. "எந்திரிச்சு கைகாலை உதறிக்கோ"ன்னேன். "வேணாம்ப்பா, இப்படியே இருக்கேன்"னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எழுந்தால் துணி மடிப்பு கலைந்துவிடும், முழங்கால் அதே இடத்துக்கு வராது. பெரிய மாடல்களே ஓய்வு நேரத்தில் எழுந்துபோய் வந்து போஸைக் கெடுத்துவிடுவார்கள். இவளோ ஐந்து ஓய்வுக்கும் எழுந்திருக்கவே இல்லை. "உங்கம்மாவை விட நீ கெட்டிக்காரி"ன்னு அவளிடம் சொன்னேன் வெர்னா.

அதன்பிறகு வலியைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஒரே ஒருமுறை சொன்னாள், அதோடு சரி. நாலாவது கோடு போட்டபோது நானாகக் கேட்டேன், "இன்னும் வலிக்குதா?" "இப்போ இல்லப்பா." சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். வலி போய்விட்டது என்று நான் மகிழ்ந்தேன். உள்ளே வெடித்துவிட்டால் கொஞ்ச நேரம் வலி நின்றுவிடும் என்று செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னார். நீ தாழ்வாரத்தில் இருந்தாய், நான் மட்டும்தான் கேட்டேன். அன்றே பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

அவள் ஏன் மறுபடி சொல்லவில்லை? அழுதிருந்தால், ஒருமுறை முனகியிருந்தால் கரியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். சத்தியமாக ஓடியிருப்பேன். ஒன்பது வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தொடக்க நாளில் கூட்டம் நின்று பார்த்தது. ஒரு அம்மாள் தன் பெண்ணைத் தூக்கிக் காட்டி, "பாரு, பாப்பா எவ்ளோ சமத்தா தூங்குது"ன்னாள். நான் வெளியே போய், கூட்டம் கலையும்வரை மரத்தடியில் நின்றேன்.

மிஸ் ப்ருயிட்டிடம் பேசிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. படத்துக்குப் பதிலாக என்னிடம் இருக்கிற மற்றச் சித்திரங்கள் அத்தனையும் தருவதாகச் சொன்னேன். மேலிடத்தில் கேட்டாள், சரி என்றுவிட்டார்கள். காட்சி முடிந்து கையில் வந்ததும் அடுப்பில் போட்டுவிடுவேன். உன் சம்மதம் மட்டும் வேண்டும். சரி என்று ஒரு வரி எழுது.

எமில்


டலூத்
8 டிசம்பர் 1958

அன்புள்ள எமில்,

எரிக்காதே.

முதலில் நெல்லுக்குக் கோபம் வராத அளவுக்கு உன்னைத் திட்டிக்கொள்கிறேன். மணி அடிக்கட்டும் என்று சொன்னாயே, பாவி. தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்திருக்கக் கூடாதா? உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கத்தினேன். அக்கா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். உன்னைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த நினைப்பு இரண்டு நாள் இருந்தது.

அவள் ஏன் மறுபடி சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும்.

அன்று காலை நான் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி உடுப்போடு வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா, வயிறு என்னமோ பண்ணுது."

"நேத்து கசகசா ரொட்டி மூணு தின்னல்ல, அதான். சரியாயிடும்."

"நீ போகாதம்மா."

எனக்கு நேரமாகிவிட்டது. ட்ராமைத் தவறவிட்டால் வகுப்பு முழுக்க எனக்காகக் காத்திருக்கும். அவள் கையைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "இங்க பாரு நெல், அப்பாவுக்கு இந்தக் குளிர்ல வேலையே ஓடல, மனசு சரியில்ல. வயித்து வலி அது இதுன்னு அவரைப் போட்டுப் படுத்தாதே. படம் போடணும்னா சமத்தா இரு. நான் வந்து பாத்துக்கறேன்."

"சரிம்மா"ன்னாள்.

அவள் சொன்னபடி இருந்தாள். தாங்க முடியாமல் உன்னிடம் ஒருமுறை சொல்லிவிட்டாள், பாவம், நான் சொன்னது நினைவு வந்திருக்கும். அதோடு நிறுத்திக்கொண்டாள். நாலு மணிக்கு நான் வந்தபோது சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், சிரித்தாள். குனிந்தபோது காதருகில், "அப்பாவைப் படுத்தலம்மா"ன்னு சொன்னாள். சமத்து என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு அடுப்புப் பக்கம் போனேன்.

இதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. பாதிரியாரிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை. உன்னோடு ஒரே மேசையில் உட்கார முடியவில்லை என்று எழுதினேன் அல்லவா, அதில் பாதிதான் உண்மை. காலையில் அவள் உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று நீ என்றாவது கேட்டுவிடுவாய் என்று பயந்துதான் ஓடிவந்தேன். நீ கேட்கவே இல்லை. குற்றம் முழுக்க உன்னுடையது என்று நினைத்துக்கொண்டு நீ அங்கே இருந்தாய். நானும் இங்கே, அது உன்னுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்பது வருஷம். நீ பொய் சொன்னாய், நான் வாயே திறக்கவில்லை. இதில் எது பெரிசு என்று தராசு பிடிக்க எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எரிக்காதே. அன்று அந்த வீட்டில் நடந்ததை நடந்தபடி வைத்திருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். நாம் இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை. அதையாவது ஊர் பார்க்கட்டும். மிஸ் ப்ருயிட்டிடம் போய் உள்ளதைச் சொல். பெயரை மாற்றச் சொல். உறங்கும் சிறுமி என்று இன்னொரு நாள்கூட அது இருக்கக் கூடாது. நெல், ஒன்பது வயது, வலியோடு, என்று எழுதச் சொல். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்றால் பெயரே வேண்டாம்.

இருபதாம் தேதி சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. பத்து மணிக்கு அருங்காட்சியகம் திறந்ததும் படத்துக்கு முன்னால் போய் நில். நானும் வந்து நிற்கிறேன். அவள் நமக்காக இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் கிடந்தாள். நாமும் அவ்வளவு நேரம் நிற்போம். பேச வேண்டாம், அழவும் வேண்டாம், கால் வலித்தாலும் உட்கார வேண்டாம். அதற்குமேல் என்ன என்று எனக்குத் தெரியாது, இப்போது கேட்காதே.

நெல்லின் அம்மா,
வெர்னா